தற்கொலை எண்ணம்: மனநோயோடு வாழும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் பைபோலார் எனப்படும் இருதுருவ மனநோயோடு வாழ்பவள்; மனநிலை சில காலம் அளவு மீறி ஏறியும் சில காலம் ஆழமாகச் சோர்ந்தும் போகும் நோய் இது. திருச்சியில் மாதம் ஒருமுறை எங்களைப் போன்றவர்களும் வீட்டாரும் கூடிப் பேசுகிறோம். மாத்திரை, வேலை, உதவித்தொகை பற்றியெல்லாம் எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். தற்கொலை பற்றிய சந்தேகங்கள் மட்டும் கூட்டம் முடிந்து கிளம்பும்போது தனியாக, தணிந்த குரலில் வரும். வருகிற சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை எழுதியிருக்கிறேன். எங்கள் அனுபவமும், மருத்துவர்களிடமும் சட்டத்திலும் தெரிந்துகொண்டதும் இதில் கலந்திருக்கின்றன. உங்கள் மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று இல்லை.

இந்த நிமிடமே ஆபத்து என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 108. பேச ஆள் வேண்டுமென்றால் 14416 (தமிழிலும் பேசலாம், 24 மணி நேரமும்), அல்லது சென்னை சிநேகா அமைப்பு 044-24640050. இலங்கையில் இருப்பவர்கள் 1926.

தற்கொலை எண்ணம் வருதுன்னாலே அது மனநோய்தானா?

இல்லை. கடன், வீட்டுச் சண்டை, பரீட்சை முடிவு, தீராத வலி என்று மனநோயே இல்லாதவர்களுக்கும் இந்த எண்ணம் வருகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். பதிவான காரணங்களில் குடும்பப் பிரச்சினை முதலிடம், நோய் இரண்டாமிடம்.

ஆனால் மனச்சோர்வு, பைபோலார், மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), குடிநோய் இருப்பவர்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. எங்களில் பெரும்பாலானவர்கள் தற்கொலையால் இறப்பதில்லை என்பதும் அதே அளவு உண்மை. எங்களுக்கு இந்த எண்ணம் நோயின் ஓர் அறிகுறி. நோய் ஏறும்போது தூக்கம் கெடுகிறது, பசி போகிறது, கூடவே இதுவும் வருகிறது. வெளியே ஒரு காரணமும் இல்லாமல்கூட வரும். "அப்படி என்ன நடந்துபோச்சு?" என்று வீட்டில் கேட்கும்போது எங்களிடம் பதில் இல்லாமல் போவது அதனால்தான்.

எனக்கு எண்ணம் மட்டும்தான் வருது, எதுவும் செய்ய மாட்டேன். இதைப் போய் டாக்டர்கிட்ட சொல்லணுமா?

சொல்லுங்கள். "தூங்கினா அப்படியே எழுந்திருக்காம இருந்தா நல்லா இருக்கும்" என்பதும் எண்ணம்தான். சாக வேண்டும் என்று நினைப்பது, எப்படி என்று யோசிப்பது, அதற்கான பொருளைத் தேடுவது, நாள் குறிப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு படி. முதல் படியில் இருப்பவருக்கு மருந்தின் அளவை மாற்றுவதோ, அடுத்த சந்திப்பை முன்னால் கொண்டுவருவதோ போதுமானதாக இருக்கலாம். கடைசிப் படியில் இருப்பவரை அன்றைக்கே பார்த்தாக வேண்டும்.

எந்தப் படி என்பது ஒரே நாளில் மாறும். காலையில் முதல் படியில் இருந்தவர் இரவில் மூன்றாவதில் இருக்கலாம். குடித்திருந்தால் இன்னும் வேகமாக மாறும். ஆகவே "இப்போதைக்கு ஒன்றும் செய்ய மாட்டேன்" என்பதை நம்பிக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம்.

நேரடியா கேட்டா, இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பி விட்ட மாதிரி ஆயிடாதா?

ஆகாது. இதைப் பல ஆய்வுகளில் பார்த்துவிட்டார்கள். கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை, கூடுவதுமில்லை. எங்கள் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது பலரும் சொன்னது, யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தோம் என்பதுதான்.

எப்படிக் கேட்பது? சுற்றி வளைக்காமல், "சாகணும்னு தோணுதா?", "தற்கொலை பண்ணிக்கலாம்னு நினைப்பு வருதா?" என்றே கேளுங்கள். "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும், ஏனென்றால் அந்தக் கேள்வியிலேயே தீர்ப்பு இருக்கிறது. டிவியை அணைத்துவிட்டு, மற்றவர்கள் இல்லாத இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டபின் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். வார்த்தை வர நேரமாகும்.

கேட்டேன், தம்பி "ஆமா"ன்னு சொல்லிட்டான். எனக்குக் கை கால் உதறுது. இப்ப நான் என்ன பேசணும்?

அவன் உங்களிடம் சொன்னதே பெரிய காரியம். "சொன்னது நல்லதுடா, நான் கூட இருக்கேன்" என்பது முதல் வாக்கியத்துக்குப் போதும். அழுகை வந்தால் அழலாம். ஆனால் உங்களைத் தேற்றுகிற வேலை அவன் தலையில் விழக் கூடாது. அடுத்து, எப்போதிலிருந்து வருகிறது, எப்படி என்று யோசித்திருக்கிறானா, இன்றைக்கே செய்யலாம் என்று தோன்றுகிறதா என்று கேளுங்கள். மேலே சொன்ன படிகளில் எங்கே இருக்கிறான் என்று அதில் தெரியும். கடைசிப் படிகளில் இருந்தால் தனியாக விடாதீர்கள். அன்றே மருத்துவரிடமோ, அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ அழைத்துப் போங்கள்.

சொல்லக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். "உனக்கென்ன குறைச்சல்?", "கோழைதான் இப்படி நினைப்பான்", "அம்மாவைக் கொஞ்சமாவது நினைச்சுப் பாத்தியா?" இவையெல்லாம் அன்பால் வருபவைதான், தெரியும். மனச்சோர்வின் அடியில் இருப்பவரோ "நான் போனால் இவர்களுக்குப் பாரம் குறையும்" என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருப்பார். அவரிடம் அம்மாவை நினைக்கச் சொன்னால் குற்ற உணர்ச்சிதான் கூடும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியமும் செய்து கொடுக்காதீர்கள். "உன்னைக் கேட்காம ஊர் முழுக்கச் சொல்ல மாட்டேன், ஆனா டாக்டர்கிட்ட நாம ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுவோம்" என்பது காப்பாற்றக்கூடிய வாக்கு.

அடிக்கடி சொல்றவங்க செய்ய மாட்டாங்க, நம்ம கவனத்தைத் திருப்பத்தான் அப்படிப் பண்றாங்கன்னு சொல்றாங்களே?

இந்த ஒரு நம்பிக்கை எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறது. முன்பு முயன்றவர்களுக்கே பின்னால் ஆபத்து அதிகம் என்பது மருத்துவத்தில் உறுதியாகத் தெரிந்த விஷயம். பலமுறை சொல்கிறார் என்றால் பலமுறை வலிக்கிறது என்று அர்த்தம்.

கவனம் வேண்டித்தான் செய்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். உயிரைப் பணயம் வைத்துத்தான் கவனத்தைப் பெற முடியும் என்ற நிலையில் ஒருவர் இருந்தால், அவருக்கு அந்தக் கவனம் அவசரமாகத் தேவைப்படுகிறது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும், அடிக்கடி உயிரை விடத் துணியும் நோயாளிகளை "நடிக்கிறார்கள்" என்று மருத்துவர்களே ஒதுக்கிய காலம் இருந்தது. அவர்களுக்காகவே டிபிடி என்ற பேச்சுவழிச் சிகிச்சை முறையை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன். இளம்பெண்ணாக இருந்தபோது தானும் அதே நிலையில் மனநல மருத்துவமனையில் பூட்டி வைக்கப்பட்டிருந்ததை 2011-ல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். எங்களைப் போன்ற ஒருத்தி எங்களுக்காகச் செய்தது என்பதால் அந்தச் சிகிச்சை மேல் எனக்குத் தனி மரியாதை.

அக்கா, 14416-க்குப் போன் பண்ணா வீட்டுக்குப் போலீஸ் வருமா?

பேசுவதற்காக அழைப்பவர் வீட்டுக்குப் போலீசை அனுப்புவது அந்தச் சேவையின் வேலை இல்லை. 14416 என்பது ஒன்றிய அரசின் டெலி மானஸ் எண். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் நடக்கிறது. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வழி சொல்வார்கள்.

சிநேகா வேறு வகை. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய தன்னார்வ அமைப்பு அது. அங்கே பேசுபவர்கள் தன்னார்வலர்கள். அறிவுரையோ மருந்தோ தர மாட்டார்கள், காது கொடுத்துக் கேட்பார்கள். இரண்டில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்று நிதானமாக இருக்கும் நாளில் ஒருமுறை அழைத்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு உடனே கிடைக்காவிட்டால் மறுபடி அழையுங்கள், அல்லது அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

முயற்சி பண்ணா கேஸ் ஆகும்னு பயந்து ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போகாம இருந்தாங்க. இப்ப சட்டம் என்ன சொல்லுது?

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்தது. 2017-ல் இயற்றப்பட்டு 2018 மே 29-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை மாற்றியது. அதன் 115-வது பிரிவின்படி, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவர்மீது வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309 போன்ற பிரிவே இல்லை. அரசு ஊழியரைத் தன் கடமையைச் செய்யவிடாமல் மிரட்டுவதற்காகத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226-வது பிரிவில் குற்றமாக இருக்கிறது.

மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதிப் போலீசுக்குத் தகவல் சொல்வது இன்னும் நடக்கிறது. யாராவது தூண்டினார்களா, வேறு யாரேனும் செய்ததா என்று விசாரிக்கத்தான் அது. போலீஸ் வந்து கேள்வி கேட்டால் அதனாலேயே நோயாளிமீது வழக்கு என்று அர்த்தமில்லை. போலீசுக்குப் பயந்து ஒரு மணி நேரத்தை இழந்தால் உயிரையே இழக்க நேரலாம்.

டாக்டர்கிட்ட உண்மையைச் சொன்னா பிடிச்சு அட்மிட் பண்ணிடுவாங்க. அதனாலதான் வாயைத் திறக்கிறதில்ல.

எனக்குத் தெரிந்து எங்களை அதிகமாக வாய் மூட வைக்கும் பயம் இதுதான். இதை "அறியாமை" என்று தள்ளிவிட முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் செத்துப்போனார்கள். எங்களில் மூத்தவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் நினைவிருக்கிறது. கட்டிப்போடப்பட்டவர்கள், ஊசி போட்டுத் தூக்கிச் செல்லப்பட்டவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். சொன்னால் தண்டனை என்று கற்றுக்கொண்டவர் அடுத்த முறை சொல்ல மாட்டார். எண்ணத்தைச் சொன்னதற்காக ஒருவரை அவமானப்படுத்தாமல் இருந்தாலே பாதித் தடுப்பு நடந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எண்ணம் வந்தது என்று சொன்னதாலேயே அட்மிட் செய்ய வேண்டியதில்லை, பெரும்பாலானவர்களுக்கு வெளிநோயாளிப் பிரிவிலேயே சிகிச்சை நடக்கிறது. சம்மதம் இல்லாமல் சேர்ப்பதற்கு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89-வது பிரிவில் நிபந்தனைகள் உண்டு. இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பரிசோதித்து, உயிருக்கு ஆபத்து போன்ற தீவிர நிலை இருப்பதாக எழுத வேண்டும். அதுவும் முதலில் 30 நாளுக்கு மேல் போகக் கூடாது. சேர்த்ததை எதிர்த்து, அதே சட்டப்படி அமைக்கப்படும் மனநல மறுபரிசீலனை வாரியத்தில் முறையிடலாம். சங்கிலியால் கட்டுவதும், மயக்க மருந்து தராமல் மின் அதிர்வுச் சிகிச்சை செய்வதும் தடை செய்யப்பட்டவை.

நாங்கள் எல்லோரிடமும் வற்புறுத்துவது இன்னொன்று. நன்றாக இருக்கும்போதே, நோய் முற்றினால் எனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எது கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமை 5-வது பிரிவில் இருக்கிறது. எனக்காகப் பேச வேண்டியவர் யார் என்று ஒருவரை நியமிக்கலாம். அது அண்ணனாக இருக்க வேண்டும், கணவராக இருக்க வேண்டும் என்றில்லை, நீங்கள் நம்பும் தோழியாகவும் இருக்கலாம். அவசரச் சிகிச்சைக்கு அந்த எழுத்து பொருந்தாது. மற்ற நேரத்தில் அதற்கு மதிப்பு உண்டு.

பாதுகாப்புத் திட்டம் எழுதுங்கன்னு சொல்றீங்களே, அது என்ன?

அமெரிக்காவில் பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற இரு உளவியலாளர்கள் வகுத்த முறை. இப்போது உலகம் முழுக்கப் பயன்படுகிறது. எண்ணம் உச்சத்துக்குப் போகும்போது மூளை யோசிக்காது. அதனால் தெளிவாக இருக்கும்போதே, என்ன வரிசையில் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி வைப்பதுதான் இது. முதலில் எனக்கு மோசமாகப் போகிறது என்பதற்கான அறிகுறிகள். அடுத்து, யார் உதவியும் இல்லாமல் நானே செய்யக்கூடியவை. பிறகு மனத்தைத் திருப்ப உதவும் ஆட்களும் இடங்களும், அதன்பின் வெளிப்படையாகச் சொல்லி உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவர், உதவி எண்கள். கடைசியாக, வீட்டில் ஆபத்தான பொருள்களை அகற்றுவது.

சொந்த வார்த்தையில் எழுதினால்தான் உதவும். "மன உளைச்சல்" என்று எழுதாதீர்கள், உங்களுக்கு என்ன நடக்கிறதோ அதை எழுதுங்கள். என் தாளில் முதல் அறிகுறி "அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு, போனில் வரும் அழைப்பை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பது". நானே செய்வதில் "தலைக்குக் குளிப்பது, மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது". மூன்றாவதில் பெரியம்மா வீடு. அங்கே யாரும் என்ன ஆச்சு என்று கேட்க மாட்டார்கள், காபி கொடுத்துச் சீரியல் பார்க்கச் சொல்வார்கள். அந்த நேரத்துக்கு அதுவே போதும். ஒரு படி உதவாவிட்டால் அடுத்த படிக்குப் போக வேண்டும், எல்லாவற்றையும் முயன்று பார்க்கக் காத்திருக்க வேண்டாம். நேராக உதவி எண்ணுக்கும் போகலாம். தாளைப் படமெடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பிரதியை நீங்கள் நம்பும் ஒருவரிடம் கொடுங்கள்.

மாத்திரையை என் கையில குடுக்க மாட்டேங்கிறாங்க. பீரோவுல வெச்சுப் பூட்டுறாங்க. என்னைத் திருடன் மாதிரி நடத்துறாங்க.

அந்த அவமானம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த விஷயத்தில் நான் உங்கள் வீட்டார் பக்கம்தான். பூட்டுகிற விதத்தை மட்டும் மாற்றச் சொல்வேன்.

"சாகணும்னு முடிவெடுத்தவன் எப்படியும் ஒரு வழி தேடுவான்" என்பது தவறு. உச்சமான நெருக்கடி பலருக்குக் கொஞ்ச நேரம்தான் நீடிக்கிறது. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே பல நேரம் உயிரைத் தீர்மானிக்கிறது. இலங்கையில் 1995-ல் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கடும் நச்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அதன்பின் 20 ஆண்டுகளில் அந்த அளவு சுமார் 70 சதவீதம் குறைந்தது. எல்லோரும் வேறு வழியைத் தேடிப் போயிருந்தால் இப்படிக் குறைந்திருக்காது.

ஆகவே திட்டத்தின் கடைசிப் படியை நீங்களே முன்வந்து செய்யுங்கள். "இந்த ஒரு மாசம் மாத்திரை உங்ககிட்ட இருக்கட்டும், வாராவாரம் எனக்கு எடுத்துக் குடுங்க, அடுத்த செக்கப்புக்குப் பிறகு பார்த்துக்கலாம்" என்று காலம் வைத்துப் பேசுங்கள். மருத்துவரிடமும் குறைவான நாளுக்கு எழுதித் தரச் சொல்லலாம். பழைய, மிச்சமான மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் வீட்டில் வைக்கவே வேண்டாம். வீட்டாரும் சொல்லாமல் ஒளித்து வைப்பதற்குப் பதில், சொல்லிவிட்டுப் பூட்டுங்கள்.

மாத்திரை ஆரம்பிச்ச பிறகுதான் எண்ணம் அதிகமாச்சு. நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றே மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள். மனச்சோர்வு மருந்து மனத்தைத் தேற்ற சில வாரம் ஆகும். அதற்குள் உடலில் சுறுசுறுப்பு மட்டும் முதலில் திரும்பலாம். மனச்சோர்வு மருந்து எடுக்கும் 25 வயதுக்கு உட்பட்டவர்களை ஆரம்ப வாரங்களில் நெருங்கிக் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் மருந்தின் விவரக் குறிப்பிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். பைபோலார் இருப்பது தெரியாமல் மனச்சோர்வு மருந்து மட்டும் தந்தாலும் சிலருக்குப் படபடப்பும் எரிச்சலும் கூடிவிடும்.

மனச்சிதைவு மருந்துகளால் சிலருக்கு ஒரு நிமிடம்கூட உட்கார முடியாத தவிப்பு வரும். காலை ஆட்டிக்கொண்டே, நடந்துகொண்டே இருப்பார்கள். இதைப் பக்கவிளைவு என்று அறியாமல், "இந்த உடம்போடு இனி இருக்க முடியாது" என்று உயிரை விட நினைத்தவர்கள் உண்டு. அளவைக் குறைத்தோ, வேறு மருந்து சேர்த்தோ இதைச் சரிசெய்ய முடியும். மருத்துவரிடம் "உட்கார முடியல, உள்ளுக்குள்ள பதறுது" என்று அப்படியே சொல்லுங்கள்.

தற்கொலை ஆபத்தைக் குறைக்கும் மருந்துகளும் இருக்கின்றன. பைபோலாருக்கு லித்தியம், மனச்சிதைவுக்குக் குளோசபின். இரண்டுக்கும் ஒழுங்கான ரத்தப் பரிசோதனை வேண்டும், அதைத் தவறவிடக் கூடாது.

எனக்குக் குரல் கேட்குது. "செத்துப்போ"ன்னு சொல்லுது. இதுவும் தற்கொலை எண்ணமா?

அது உங்கள் விருப்பம் இல்லை, ஆனால் ஆபத்து அதேதான். மருத்துவரிடம் குரல் கேட்கிறது என்பதோடு நிறுத்தாமல், என்ன சொல்கிறது, கட்டளையிடுகிறதா, மறுக்க முடிகிறதா என்பதையும் சொல்லுங்கள். மறுக்க முடியவில்லை என்ற நிலை வந்தால் தனியாக இருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டார் கவனத்துக்கு ஒன்று. அந்தக் குரல் அவருக்கு உண்மையாகவே கேட்கிறது. "அதெல்லாம் பொய்" என்று வாதாடாதீர்கள். "எனக்குக் கேட்கல, ஆனா உனக்குக் கேட்குது, பயமாத்தான் இருக்கும்" என்றால் அவர் உங்களோடு தொடர்ந்து பேசுவார்.

ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்துட்டாரு, முகத்துல தெளிவு வந்துடுச்சு. இனிமே பயமில்லையே?

மன்னிக்கவும், இப்போதுதான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மனநலப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரங்களில் ஆபத்து மிக அதிகம் என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டது. உள்ளே மணிக்கு மணி ஆள் இருந்தது, வெளியே வந்ததும் பழைய கடன், பழைய சண்டை, போதாக்குறைக்கு "பைத்தியக்கார ஆஸ்பத்திரி" என்ற பேச்சு. மனச்சிதைவு உள்ளவர்களுக்கு நோய் தெளியும்போதுதான் என்னென்ன இழந்தோம் என்பது கண்ணில் படும். எனவே வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே மருத்துவரைப் பார்க்கும் தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

வீடு திரும்பிய பிறகு பெரிய சிகிச்சையைவிடச் சின்ன விசாரிப்பு எவ்வளவு செய்யும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட 5 இடங்களில், தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பகுதியினரோடு கிளம்பும் முன் சுமார் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, அடுத்த 18 மாதத்தில் 9 முறை போனிலோ நேரிலோ எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். 2008-ல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். இதைப் படித்த பிறகுதான் எங்கள் கூட்டத்தில் யார் வீடு திரும்பினாலும் அவருக்குப் போன் செய்ய ஒருவரை ஒதுக்கும் வழக்கம் வந்தது.

மாத்திரையை விட்டுட்டுக் கோயிலுக்கும் தர்காவுக்கும் போனா போதும்னு பெரியவங்க சொல்றாங்க.

போங்கள், மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஏர்வாடி தர்காவிலும் குணசீலம் கோயிலிலும் வழிபாட்டோடு சேர்த்தே மனநலச் சிகிச்சை கிடைக்க அரசே ஏற்பாடு செய்திருக்கிறது. சாமி கும்பிடுவது எங்களில் பலருடைய பாதுகாப்புத் திட்டத்தில் இருக்கிறது. "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்பதற்கு மட்டும் என்னிடம் இடமில்லை. நோயை மறைத்துச் செய்த திருமணம் இரண்டு பேரை நெருக்கடியில் தள்ளுகிறது.

என்னை மாதிரியே நோய் இருக்கிற ஃப்ரெண்ட் நடுராத்திரியில "முடியல"ன்னு மெசேஜ் அனுப்புறா. எனக்கே முடியல. என்ன பண்றது?

நோயாளிகளுக்குள் இருக்கும் நட்பு பெரிய பலம். அவள் உங்களுக்கு அனுப்புகிறாள் என்றால், உங்களிடம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்பதால்தான். ஆனால் நீங்கள் ஒருத்தியே அவள் உயிருக்குக் காவல் இல்லை. இரண்டு பேரும் நன்றாக இருக்கும் ஒரு நாளில் பேசி வையுங்கள்: "எனக்கு முடியாத ராத்திரியில நேரா 14416-க்குப் போன் போட்டுக் குடுப்பேன், உங்க அண்ணிக்குச் சொல்லுவேன், கோவிச்சுக்காதே." அவள் பாதுகாப்புத் திட்டத்தில் உங்கள் பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு பெயர் இருக்க வேண்டும்.

ஆபத்து உடனடியானது என்று தெரிந்தால் ரகசியம் காக்க வேண்டாம். கோபப்படுவாள், சில மாதம் பேசாமலும் இருப்பாள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். அப்புறம், அடுத்த நாள் நீங்களும் யாரிடமாவது பேசுங்கள், தூக்கத்தை ஈடுகட்டுங்கள். எங்களுக்குத் தூக்கம் கெட்டால் எல்லாம் கெடும்.

எங்களோட வந்துட்டிருந்த ஒருத்தர் இறந்துட்டாரு. முந்தின நாள்கூட பேசினேன். அடுத்தது நானோன்னு பயமா இருக்கு.

இந்தப் பயத்தை மறைக்காமல் கேட்டதற்கு நன்றி. ஒரே நோய் இருந்தவர் இறக்கும்போது, "அவராலேயே முடியலைன்னா என்னால எப்படி முடியும்" என்று தோன்றும். துக்கமும் நோயும் சேர்ந்து பேசுவது அது. இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லுங்கள், பாதுகாப்புத் திட்டத்தை எடுத்து வெளியே வையுங்கள்.

முந்தின நாள் பேசியதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான். நாம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் சிலரை இழக்கிறோம், மற்ற நோய்களில் இழப்பதைப் போலவே. யாரையும் குற்றவாளி ஆக்காமல் துக்கப்படுங்கள். எப்படி இறந்தார் என்ற விவரத்தை வாட்ஸாப்பில் பரப்பாதீர்கள், தளும்பிக்கொண்டிருக்கும் இன்னொருவருக்கு அது வழிகாட்டியாகிவிடும். அவர் எப்படி வாழ்ந்தார் என்று பேசுங்கள். அவர் வீட்டுக்குப் போய் உட்காருங்கள், தற்கொலை நடந்த வீட்டுக்கு ஆட்கள் வராமல் ஒதுங்குவது அவர்களுக்கு இரண்டாவது அடி.

இந்த எண்ணம் ஒரு நாள் முழுசா போயிடுமா?

சிலருக்குப் போய்விடுகிறது. சிகிச்சை பிடித்து, வருடக்கணக்கில் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காதவர்களை எனக்குத் தெரியும். சிலருக்கு நோய் ஏறும்போதெல்லாம் திரும்பி வருகிறது. எனக்கு வருகிறது. ஆனால் முன்பு மாதிரி அது சொல்வதை நான் அப்படியே நம்புவதில்லை. அறிகுறி வந்ததும் தாளை எடுக்கிறேன், தங்கையைக் கூப்பிட்டு "வந்துருச்சு" என்கிறேன். அவள் பதறாமல் "சரி, எத்தனாவது படி?" என்று கேட்கிறாள்.

முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை என்று நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. முயன்றவருக்கு ஆபத்து அதிகம் என்று மேலே சொன்னதும் உண்மை, இதுவும் உண்மை. நீங்கள் கேட்ட "முழுசா" என்பதற்கு உங்கள் விஷயத்தில் என்ன பதில் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அடுத்த சந்திப்பில் இதே கேள்வியை மருத்துவரிடம் கேளுங்கள். வாய் வராவிட்டால் "எனக்குச் சாகணும்னு எண்ணம் வருது, வாரத்துல இத்தனை நாள், இந்த நேரத்துல" என்று ஒரு சீட்டில் எழுதி மருந்துச் சீட்டோடு சேர்த்து நீட்டிவிடுங்கள்.